நாதத்துக்கும் ஓர் இருக்கை

மழை பெய்யும் இருண்ட இரவு. திருக்கோவலூரில் ஒரு வீட்டின் குறுகிய இடைகழி. அங்கே பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம் என்று எழுந்து இடமளித்தார் பொய்கையார். பின்னர் பேயாழ்வார் வந்தார். மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றனர். அப்போது நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். அவரே உலகளந்த பெருமாள். அந்த நெருக்கத்தில் மலர்ந்தவையே முதல் மூன்று திருவந்தாதிகள்.

இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய திருக்கோவிலூரின் இந்த வரலாறு, விமானப் பயணத்திற்கும் ஒரு பாடமாக அமைகிறது. அங்கும் இடம் குறைவு. அங்கும் ஒருவர் கையில் ஏதோ ஒன்றுடன் வந்து இடம் கேட்கிறார். அவர் கையில் இருப்பது நாகஸ்வரமாகவோ, மிருதங்கமாகவோ, பாட்டியார் வாசித்த வீணையாகவோ இருக்கலாம்.

தெய்வம் புறப்பட்டால்...

கல்வராயன், சேர்வராயன் முதலிய மலைகளில் வாழும் மலையாளி மக்களிடையே ஒரு பழங்கதை உண்டு. காஞ்சியில் இருந்த கரிராமன் அவ்விடத்தை விட்டு நீங்கியபோது, அவரை வழிபட்டவர்களும் குடும்பத்துடன் பின்தொடர்ந்து வந்து மலைகளில் குடியேறினார்கள் என்பது அக்கதை. தெய்வம் இருக்குமிடமே அடியார்க்கு ஊர்.

நம் காலத்தில் அடியார்கள் கடல் கடந்தனர். தெய்வமும் உடன் சென்றது. சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வேங்கடேசப் பெருமாள் 1976இல் எழுந்தருளினார். ஜெர்மனியின் ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் ஆலயம் 2002இல் குடமுழுக்குக் கண்டது. தெய்வம் சென்ற இடத்துக்கு மங்கல இசையும் செல்ல வேண்டுமல்லவா? அதனால்தான் தமிழகத்துக் கலைஞர்கள் உற்சவ காலங்களில் விமானம் ஏறுகின்றனர்.

அளவுகோல் சொல்வது

நம் நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி ஒருவர் கையில் கொண்டுசெல்லும் பை பொதுவாக 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நீளம் 55, அகலம் 35, உயரம் 25 சென்டிமீட்டர், மொத்தம் 115. இந்த அளவு துணிப்பையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது, வாத்தியத்தை அன்று.

பாரி நாகஸ்வரம் ஏறக்குறைய இரண்டரை அடி, அதாவது 75 சென்டிமீட்டர். வயலின் பெட்டியும் அந்த நீளத்திற்குக் குறையாது. வீணை நான்கடி. மிருதங்கம் பெரும்பாலும் 7 கிலோவைத் தாண்டிவிடும். தவில் அதனினும் கனம். மாவலியிடம் வாமனன் கேட்டது மூவடி. நாகஸ்வரக் கலைஞர் கேட்பதோ இரண்டரை அடிதான். அதுவும் விதிப்படி கிடைப்பதில்லை. புல்லாங்குழலும் ஜால்ராவும் மட்டும் தொல்லையின்றிப் பைக்குள் அடங்கும்.

சரக்கறையில் போட்டால் என்ன என்று சிலர் வினவக்கூடும். வீணையின் மெட்டுகள் மெழுகுச் சட்டத்தின்மீது பதிக்கப்பட்டவை. ஓடுதளத்து வெயிலில் பெட்டி காத்திருந்தால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி பிசகும். கடத்தில் ஒரு விரிசல் விழுந்தால் அதை ஒட்டவைத்து வாசிக்க இயலாது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், பல்லாண்டு பழகிய ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படுவது. 2022இல் புவிசார் குறியீடும் பெற்றது. அது உடைந்தால் பணம் கொடுத்து வேறொன்று வாங்கலாம். ஆனால் கலைஞரின் மூச்சுக்கும் விரலுக்கும் பழகிய வாத்தியம் அன்றே கிடைக்காது. அந்தப் பருவத்தின் முகூர்த்தங்களும் உற்சவங்களும் அவருக்குக் கைநழுவிப் போகும்.

செய்யத்தக்கவை

அமெரிக்காவில் 2012இல் இயற்றப்பட்ட சட்டமும், அதன்படி 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதியும், மேலே உள்ள பெட்டியறையில் இடமிருந்தால் சிறு வாத்தியங்களைக் கையோடு கொண்டுவர அந்நாட்டு நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும் என்கின்றன. முந்தி ஏறுபவர்க்கே அந்த இடம் கிடைக்கும். ஆதலால் வாத்தியம் வைத்திருப்பவர் வரிசையில் முன்னே நிற்பது நன்று.

பெரிய வாத்தியத்துக்குத் தனி இருக்கை வாங்கும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. சன்னலோர இருக்கையில் அமர்த்தி, மனிதருக்குப் போலவே பட்டை கட்டிவிடுவார்கள். இதனைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே தெரிவித்து, பதிலை எழுத்தில் பெற்று, அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். வாய்மொழி உறுதி வாயிலில் நிற்கும் ஊழியரிடம் செல்லாது. வழியில் விமானம் மாறுவதாயின் இரண்டாம் நிறுவனத்தின் விதியையும் கேட்டறிய வேண்டும். சேலத்திலிருந்து கிளம்பும் சிறுவகை விமானங்களில் மேற்பெட்டியறை இன்னும் சிறியது என்பதைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்து அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

சுத்தியலும் திருகுக் கருவிகளும் சரக்குப் பெட்டியில் செல்லட்டும். சுருதிப் பெட்டிக்கான உதிரி லித்தியம் மின்கலங்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சீவாளிகளும் கையோடு வரட்டும். தந்திகளைச் சற்றே தளர்த்திவிடுவது நலம்.

பழைய வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால் எல்லையில் பறிமுதல் செய்யப்படலாம். நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை நாட்டை விட்டு எடுத்துச் செல்வதற்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது; ஐயமிருந்தால் தொல்லியல் துறையிடம் முன்பே சான்று பெறுவது நலம். விலையுயர்ந்த வாத்தியமாயின், புறப்படும்போதே சுங்க அதிகாரிகளிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றால், திரும்பும்போது வரித் தொல்லை இராது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தோலும் மரமும் கொண்ட வாத்தியங்களைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

அழைப்பவர் கடமை

இவ்வளவும் செய்யப் பணம் வேண்டும். அதை யார் தருவது? கலைஞருக்குச் சீட்டு எடுத்துவிட்டோம், வாத்தியத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று விழாக் குழுவினர் இருந்துவிடலாகாது. சம்பாவனையில் அந்தச் செலவைக் கழிப்பதும் முறையன்று. அர்ச்சனைக்குப் பூ வாங்குகிறோம். அபிஷேகத்துக்குப் பால் வாங்குகிறோம். மங்கல இசையும் அவ்வாறே பூஜையின் ஓர் அங்கம். வாத்தியத்தின் கட்டணமும் கைங்கர்யக் கணக்கில் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் பெரியவர்களும், அங்குள்ள கோயில் குழுவில் இருக்கும் தம் மக்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லலாம்.

சரஸ்வதி பூஜையன்று வீணையையும் மிருதங்கத்தையும் மணைமீது வைத்து, சந்தனம் இட்டு, மாலை சூட்டி வணங்குகிறோம். அதே வாத்தியம் மறுவாரம் பெட்டிகளுக்கிடையே உருண்டு செல்லலாமா?

இடைகழியில் நின்ற மூவரும் இடம் போதாது என்று முணுமுணுக்கவில்லை. நகர்ந்து நின்றனர், நெருக்கத்தில் பெருமாளே வந்தார். நாதத்துக்கு ஓர் இருக்கை ஒதுக்கும் இடத்திலும் அவன் வந்து நிற்பான்.