பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பிள்ளையின் அடுத்த படிப்பை ஊரே முடிவு செய்துவிடுகிறது. 450க்கு மேல் என்றால் முதல் குரூப். 400 என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்குக் கீழே காமர்ஸ், இன்னும் இறங்கினால் பாலிடெக்னிக். பெரியப்பா சொல்வார், எதிர்வீட்டு மாமி சொல்வார், பிள்ளை மட்டும் சும்மா நிற்கும். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், இதை நிதானமாகப் பேசுவோம்.

முதலில் அந்த மொத்த மதிப்பெண். 500இல் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் மூன்றுக்கே 300 போய்விடுகிறது. கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகூட மற்றதில் அள்ளி நல்ல மொத்தம் காட்டிவிடலாம். அந்த மொத்தத்தை நம்பி முதல் குரூப்பில் சேர்த்தால், கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் ஒன்றாக வந்து இறங்கும். அதே போல, 380 வாங்கிய பிள்ளைக்குக் கணக்கு மட்டும் தண்ணீர்பட்ட பாடாக இருக்கலாம். மொத்தத்தைப் பார்த்து குரூப் கொடுத்தால் இரண்டு பேருக்குமே அநியாயம்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பி.இ. படிக்க பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். நம் மாநிலத்தில் அண்ணா பல்கலைக்கழக கட்-ஆஃப் 200க்குக் கணிதத்திலிருந்து 100, மற்ற இரண்டிலிருந்து 50, 50. ஆக கணிதத்தை விட்டுவிட்டு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் பி.இ. சேர்க்கைக் கலந்தாய்வுக்கே போக முடியாது. மருத்துவத்துக்கு நீட். ஆனால் பயாலஜி எடுத்தால் டாக்டர், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று பயமுறுத்தாதீர்கள். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., வேளாண்மை எல்லாம் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே கிடைக்கின்றன. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் சரி. சி.ஏ.வுக்கும் அப்படித்தான், காமர்ஸ் படித்திருந்தால் கணக்குப்பதிவியல் பழகியிருக்கும், அவ்வளவே. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்றே இன்னும் தெரியவில்லை, கணக்கும் ஓரளவு வரும் என்றால், கணிதம் உள்ள ஒரு குரூப்பை எடுப்பது நல்லது. கணிதம் படித்தவர் பின்னால் பி.காம். போகலாம், படிக்காதவர் பி.இ. போக முடியாது.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "நீ என்ன ஆகப்போற?" என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் அது சினிமாவிலோ பக்கத்து வீட்டிலோ பார்த்ததாக இருக்கும். அதற்குப் பதில் ஒரு வேலை செய்யுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தெரிந்த பிள்ளையிடம் பழைய புத்தகமாகவும் வாங்கலாம். கணிதத்தில் முதல் பாடம் கணங்கள், தொடர்புகள், சார்புகள். கணக்குப்பதிவியலில் இரட்டைப் பதிவு முறை வரும் பாடத்தை எடுங்கள்: கடைக்காரர் ரொக்கம் கொடுத்து சரக்கு வாங்குகிறார், எது பற்று, எது வரவு? ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் படிக்கச் சொல்லுங்கள். புரிகிறதா என்று பரீட்சை வைக்காதீர்கள். எந்தப் புத்தகத்தில் புரியாத இடம் வந்தபோதும் பென்சிலை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறது, எதில் தண்ணீர் குடிக்க நாலு தடவை எழுந்து போகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு வருஷம் அந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தப் போவது அந்தப் பிள்ளைதானே.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 சதவீத இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கிச் சட்டம் வந்தது. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இது தெரியாமல், பத்தில் நல்ல மார்க் வந்த சந்தோஷத்தில் நகையை அடகு வைத்து, தனியார் உறைவிடப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கிறார்கள். ஐந்து வருஷமாகச் சேர்த்த தகுதி அந்த ஒரு டி.சி.யோடு போய்விடுகிறது. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதுமே. கல்லூரியில் சேர்ந்தபின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததை வைத்துத்தான்.

பாலிடெக்னிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மார்க் குறைந்தவர்கள் ஒதுங்குமிடம் என்று பேசுவது பெரிய தப்பு. பத்து முடித்து மூன்று வருஷம் டிப்ளமோ, பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு, இன்னும் மூன்று வருஷம். ஆறு வருஷத்தில் பட்டம். பிளஸ் டூ வழியாகப் போனாலும் இரண்டும் நாலும் ஆறுதான். நடுவில் வீட்டு நிலைமை சரியில்லாமல் போனால் டிப்ளமோ கையில் இருக்கும், வேலைக்குப் போகலாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் இரண்டு வருஷம்; அதை முடித்தவர்கள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஃபிட்டிங் பட்டறையில் முதல் மாதம் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவணும். வகுப்பறையில் நெளிகிற பையன்கள் சிலர் அந்தத் துண்டோடு மணிக்கணக்கில் நிற்பார்கள். வீட்டில் மிக்ஸியைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளை, ஆணோ பெண்ணோ, இருந்தால் சேர்க்கைக்கு முன் ஒரு நாள் அங்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

சேர்ந்தபின் குரூப் ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால், முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். இடம் இருந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். காலாண்டுத் தேர்வு வரை பொறுத்துப் பார்ப்போம் என்று தள்ளினால் விட்ட பாடத்தைப் பிடிப்பது சிரமம். ஏதாவது ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையும் மூலையில் உட்கார வேண்டியதில்லை. ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். அதில் தேறினால் இதே வருஷம் பிளஸ் ஒன்னிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்துவிடலாம். விண்ணப்பிக்கும் கடைசித் தேதியை மட்டும் பள்ளியில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.