சைக்கிள் உண்டு, வழி எங்கே?

சர்க்கார் பள்ளிக்கூடங்களிலும் உதவி பெறும் பள்ளிக்கூடங்களிலும் மேல் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் வழங்கும் திட்டத்தை நேயர்கள் யாவரும் அறிவர். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இத்திட்டம், பின்னர் ஏனைய மாணவ மாணவிகளுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. மந்திரி சபைகள் மாறியபோதும் இது தொடர்ந்து வந்தது, அதைப் பாராட்டுகிறோம். ஆயினும், சைக்கிளைப் பெற்றுக்கொண்ட பெண் பள்ளி வாசலைக் கடந்து நகரத்துப் பெருஞ்சாலையில் இறங்கியதும் அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் எது? இடப்புறத்தில் சாக்கடை மூடியும், வரிசையாய் நிறுத்தி வைத்த மோட்டார்களும். வலப்புறத்தில் பஸ்ஸும் லாரியும். இவற்றுக்கு நடுவே எஞ்சும் இரண்டடிதான் அவள் வழி. அதிலும் யாராவது வண்டியின் கதவைத் திறந்துவிட்டால் அதுவும் போயிற்று.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 4,800-க்கு மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். இவற்றையெல்லாம் நாம் 'விபத்து' என்று எழுதிவிடுகிறோம், ஏதோ இடி விழுந்ததுபோல. பின்னர் அதிகாரிகள் பாதுகாப்பு வாரம் கொண்டாடி, "ஜாக்கிரதையாகச் செல்லுங்கள்" என்று பிள்ளைகளுக்கு உபதேசிக்கிறார்கள். உபதேசத்தில் தவறில்லை. ஆனால் மனிதர் தவறு செய்தே தீருவர். குழந்தைகள் நிச்சயம் செய்வர். அந்தத் தவறு முழங்காற் சிராய்ப்போடு முடிவதா, உயிரோடு முடிவதா என்பதை நிர்ணயிப்பது வீதியின் அமைப்பே.

இப்படிச் சொன்னவுடன், "அதெல்லாம் ஹாலந்து தேசத்துக்குப் பொருந்தும், அங்கே சமதரை, ஜனங்களும் பிறவிச் சைக்கிள்காரர்கள்" என்ற விடை வருகிறது. சரித்திரம் வேறு கதை சொல்லுகிறது. யுத்தத்துக்குப் பின், 1950-களிலும் 1960-களிலும், அங்கும் மோட்டார் வண்டிகள் பெருகின; அவற்றுக்காகக் கட்டிடங்களை இடித்துச் சாலைகளை அகலப்படுத்தினர்; சைக்கிள் போக்குவரத்து ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. தரை அப்பொழுதும் சமமாகத்தான் இருந்தது! 1971-ல் மட்டும் அச்சிறு தேசத்தின் சாலைகளில் மூவாயிரம் பேருக்கு மேல் மாண்டனர்; அவர்களில் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

விக் லாங்கென்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் சிறு மகளும் அந்த ஆண்டில் பள்ளிக்குச் செல்லும் வழியில் உயிரிழந்தாள். 1972-ல் அவர் தம் பத்திரிகையில், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் மாணவர்களும் வீதிகளில் கூடினர். ஆம்ஸ்டர்டாமில் டெ பெய்ப் என்னும் நெருக்கமான பேட்டையில் குழந்தைகளே வீதியை மறித்து, விளையாட இடம் கேட்டனர். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, நவம்பர் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுவதைச் சர்க்கார் தடை செய்தது. மோட்டார் இல்லாத வீதி எப்படியிருக்கும் என்பதை ஜனங்கள் கண்ணாரக் கண்டனர். 1975-ல் சைக்கிள் ஓட்டுவோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். இன்று நாம் வியந்து பார்க்கும் சிவப்புப் பாதைகள் கிளர்ச்சியால் பெற்றவை. எந்த மந்திரியும் தாமாக முன்வந்து அருளியவையல்ல. 2022-ல் அங்குச் சாலையில் மாண்டவர் தொகை 750-க்கும் குறைவு. அவர்களில் 291 பேர் சைக்கிள்காரர்கள், பலர் முதியவர்கள். ஆகவே அங்கும் காரியம் முற்றுப்பெற்றுவிடவில்லை.

அவர்கள் கையாண்ட முறையில் மந்திரம் ஏதுமில்லை. மோட்டார் விரைந்தோடும் சாலையில் சைக்கிளுக்குத் தனிப் பாதை. இரண்டுக்கும் நடுவே வெறும் வெள்ளைக்கோடு போதாது, உயர்ந்த கரைக்கல் வேண்டும். குடியிருப்பு வீதிகளில் தனிப் பாதை வேண்டுவதில்லை. அங்கே மோட்டாரின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் அடக்கிவிடுகிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் மோதும் சக்தி, 30-ல் வருவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதைப் பள்ளி மாணவனும் கணக்கிட்டுக் காட்டுவான்.

மிகவும் அபாயமான இடம் நாற்சந்தி. நம் நாட்டில் இடப்புறம் திரும்பும் லாரி, தன் ஓரமாக நேரே செல்லும் சைக்கிளைக் காண்பதேயில்லை. ஹாலந்தில் வண்டிகள் வலப்புறமாகச் செல்வதால் திசை மாறும், ஆபத்து ஒன்றே. அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம்: முனையில் சிறு திட்டு ஒன்றைக் கட்டி, திரும்பும் வண்டியை மெதுவாக வளையச் செய்கிறார்கள், சைக்கிள் கடக்கும் இடத்தைச் சாலையினின்று ஒரு மோட்டார் நீளம் உள்ளே தள்ளி வைக்கிறார்கள். திரும்பி முடித்த ஓட்டுநரின் கண்ணெதிரே சைக்கிள் வருகிறது. நின்று வழிவிட இடமும் இருக்கிறது. இதற்குத் தேவை சிறிது கல்லும் சிமெண்டுமே. நம் எஞ்சினீயர்களோ முனைகளை அகலமாக வளைத்து, லாரி வேகம் தணியாமல் திரும்ப வசதி செய்து கொடுக்கிறார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. 1970-களில் ஹேக், டில்பர்க் நகரங்களில் ஒவ்வொரு சிறந்த பாதை அமைத்துப் பார்த்தனர். நகரம் முழுவதிலும் சைக்கிள் பெருகவில்லை. பின்னர் டெல்ஃப்ட் நகரில் பாதைகளை வலைபோல் பின்னியபோதே பலன் தெரிந்தது. நம்மவர் திறப்புவிழாவுக்கு உகந்ததாய் ஒரு மைல் போட்டு நிறுத்திவிடுவதன் குறையும் இதுவே. வெயிலைக் காரணம் காட்டுவோருக்கு ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரைக் காட்டுவோம். கடும் வெயிலுள்ள அந்நகரம் 2006 முதல் சில ஆண்டுகளில் 120 கிலோமீட்டர் வரை தனிப் பாதை அமைத்தது. சைக்கிள்கள் பன்மடங்கு பெருகின.

சென்னைக் கார்ப்பொரேஷனும் இதை அறியாததன்று. 2014-ல் அது ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் 100-க்கு 60 பங்கு நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் என்றும், 2018-க்குள் அவர்களில் ஒருவரும் சாலையில் மாளலாகாது என்றும் அதில் கண்டிருந்தது. இந்தியாவிலேயே முதன்மையான கொள்கை என்று பெயரும் கிடைத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதை அழகாக விரிந்தது, மெய்தான். சைக்கிளுக்கான வலை எங்கே? கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாட்டினின்று வாங்கும் தேசத்தில், ஒரு துளி எண்ணெயும் கேளாத வண்டிக்கு வழியில்லை!

ஆகையால் எல்லா நகரசபை அங்கத்தினருக்கும் நாம் கூறுவது இது. வரும் பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பாக, வார்டு எஞ்சினீயரை உடன் அழைத்துக்கொண்டு, தம் வட்டாரத்துப் பள்ளி விடும் நேரத்தில், இலவசச் சைக்கிள் ஒன்றில் ஏறிப் பள்ளி வாசலிலிருந்து அடுத்த பெரிய நாற்சந்தி வரை அவர்கள் ஒருமுறை சென்று வரட்டும். பின்னர், 60 பங்கு எங்கே போயிற்று என்ற கேள்வியைச் சபையில் அவர்களே எழுப்பட்டும். எழுப்பாத அங்கத்தினரை அவ்வட்டாரத்து வோட்டர்கள் கேட்டுக்கொள்வார்களாக.