ஒரு எழுத்து மாறினால் ரத்தம் மாறும்

ஒரே கருமுட்டையிலிருந்து வந்த செல்களில் ஒன்று இதயத் தசையாகிறது, இன்னொன்று ரத்தச் சிவப்பணுவாகிறது. இரண்டும் தொடங்கியது ஒரே டி.என்.ஏ.வில்தான். எந்த மரபணு எங்கே படியெடுக்கப்பட வேண்டும் என்பதுதான் வேறு. அதை முடிவுசெய்யும் புரதங்களுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். மனிதரிடம் இவை சுமார் 1,600 உள்ளன. அவற்றில் ஆறே உறுப்பினர் கொண்ட ‘காட்டா’ குடும்பத்தின் வேலை வியக்க வைக்கிறது.

எங்கே அமர்கின்றன?

டி.என்.ஏ.வில் ஜி-ஏ-டி-ஏ என்ற நான்கு எழுத்துகள் வரும் இடங்களைத் தேடி அமர்வதால்தான் இந்தப் பெயர். புரதத்தில் துத்தநாக அணு ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கும் மடிப்பு, விரல்போல நீண்டு அந்த எழுத்துகளைத் தொடுகிறது. காட்டா-1 சிவப்பணுக்களை உருவாக்குகிறது. அது இல்லாத எலிக்கரு ரத்தசோகையால் இறந்துவிடுகிறது. காட்டா-3 நோய் எதிர்ப்புக்கான டி செல்களுக்கு வேண்டும். காட்டா-4 பழுதானால் குழந்தை இதயத்தில் ஓட்டையோடு பிறக்கக்கூடும்.

புரதம் நன்றாக இருந்து, அது அமரும் இடம் கெட்டாலும் விளைவு உண்டு. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி, ‘டஃபி’ என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோரிடம், டஃபி மரபணுவுக்கு முன்னால் காட்டா-1 அமரும் இடத்தில் ‘டி’ எழுத்து ‘சி’யாக மாறியிருப்பது 1995இல் தெரியவந்தது. அங்கே காட்டா-1 அமர முடிவதில்லை. சிவப்பணுவில் டஃபி உருவாவதில்லை. கிருமிக்கு வழி அடைபடுகிறது.

சிகிச்சையாக மாறிய அறிவு

ஹீமோகுளோபின் பழுதால் வரும் அரிவாள் செல் ரத்தசோகைக்கு வந்துள்ள புதிய சிகிச்சையும் இதே பாதையில் பிறந்ததுதான். கருவில் இருக்கும்போது நம்மிடம் வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் ‘பிசிஎல்11ஏ’ என்ற புரதம் அதை அடக்கிவிடுகிறது. சிவப்பணுக்களாக வளரும் செல்களில் அந்தப் புரதத்தைப் பெருக்க, அதன் மரபணுவுக்குள் ஓரிடத்தில் காட்டா-1 அமர வேண்டும். நோயாளியின் ரத்தத் தண்டுசெல்களை எடுத்து, சரியாக அந்த இடத்தை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் வெட்டிவிடுகிறார்கள். சிவப்பணுவில் அந்த அடக்கல் தளர்கிறது. பழுதில்லாத கருக்கால ஹீமோகுளோபின் திரும்புகிறது. பிற ரத்த அணுக்களில் பிசிஎல்11ஏ வழக்கம்போல வேலை செய்கிறது. ‘காஸ்ஜெவி’ என்ற இச்சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. ஆய்வில் மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேர் தொடர்ந்து 12 மாதங்களாவது கடும் வலித்தாக்குதல் இன்றி இருந்தனர்.

நமக்கு என்ன?

இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல். அமெரிக்காவில் காஸ்ஜெவியின் விலை 22 லட்சம் டாலர். திருத்திய செல்களைச் செலுத்துவதற்கு முன் கடுமையான கீமோதெரபியும் தேவை. நீலகிரியின் கூடலூரில் ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கு இன்று அது எட்டாது. ஆனால் கருக்கால ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்தும் ஹைட்ராக்ஸியூரியா மலிவான மருந்து. பரிசோதனையும் அந்த மருந்தும் மலைக்கிராமம்வரை தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். அதற்கு மரபணுவை வெட்டும் கருவி வேண்டாம். அரசின் அக்கறையே போதும்.