பச்சை எல்லாம் வளமா?

கல்லாவில் பணம் இருக்கிறது என்பதற்காக லாபம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அது கடன் பணமாகவும் இருக்கலாம். வியாபாரிக்குத் தெரிந்த இந்தப் பாடம் நிலத்துக்கும் பொருந்தும்.

இலையின் பச்சையம் உணவு தயாரிக்கச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் இலை திருப்பி அனுப்பிவிடும். செயற்கைக்கோள் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது. இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே தாவரக் குறியீடு (என்.டி.வி.ஐ.). அகச்சிவப்பு 50 பங்கும் சிவப்பு 10 பங்கும் திரும்பினால், 40-ஐ 60-ஆல் வகுக்க 0.67, நல்ல பசுமை. 30-ம் 20-மாக வந்தால் 0.2 தான், ஏறக்குறைய வெறும் மண். அவ்வளவுதான் கணக்கு.

ஆண்டுக்காண்டு குறியீடு இறங்கினால் நிலம் நலிகிறது என்று ஐயப்படலாம். ஆனால் மழை பொய்த்தாலும் இறங்கும். ஆகவே மழைக்கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெய்த மழைக்கு உரிய பசுமை பல ஆண்டுகளாக வரவில்லையென்றால் கோளாறு மண்ணில்தான்.

இது சின்ன விஷயமல்ல. நம் அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2021-ல் வெளியிட்ட நிலப்பட நூலின்படி, 2018-19-ல் நாட்டில் சீர்கெட்டிருந்த நிலம் 9.785 கோடி ஹெக்டேர். மொத்தப் பரப்பில் 29.77 விழுக்காடு. 2003-05-ல் இது 9.453 கோடி.

சரி, குறியீடு ஏறினால் நிம்மதியா? கட்சிலுள்ள பன்னி புல்வெளியைப் பாருங்கள். உப்புநிலம் பரவாமல் தடுக்க 1960-களில் வனத்துறை அங்கே சீமைக் கருவேலத்தைக் கொண்டுவந்தது. இங்குள்ளவர்கள் அதைக் ‘காண்டோ பாவள்’, பைத்தியக் கருவேலம் என்கிறார்கள். நம் இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்திருக்கும் அதே மரம்தான். அது புல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் பச்சை. கீழே மால்தாரிகளின் எருமைக்கு மேய்ச்சல் இல்லை.

இதற்கும் வழி உண்டு. மழை முடிந்ததும் ஒரு படம், கோடையில் ஒரு படம் எடுத்து ஒப்பிட வேண்டும். புல் கோடையில் காய்ந்துவிடும். கருவேலம் பச்சையாகவே நிற்கும். எந்தப் பச்சை யாருடையது என்பது அப்போது பிடிபடும்.

மண்ணுக்கும் உயிருண்டு, ஓரறிவுயிர் என்பது எங்கள் சமண நெறி. ஒரு பக்கப் பார்வை முழு உண்மையாகாது என்று அநேகாந்தமும் சொல்கிறது. வானத்துக் கண்ணோடு, மாடு மேய்ப்பவர் கண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலத்தின் ஐந்தொகை சரியாக வரும்.