பிசுக்கு தலையிலா, முடியிலா?

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினால், சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் வகிட்டோரம் முடி ஒட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் எண்ணெயே வைக்கவில்லை. கல்லூரிப் பெண்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. ஹெல்மெட் போட்டு வெயிலில் வண்டி ஓட்டும் பையன்களும் சொல்கிறார்கள். ஏதோ ஒரு ஷாம்புவின் பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தலையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வேரையும் ஒட்டித் தோலுக்குள் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அதில் ஊறுவதுதான் சீபம் என்கிற இயற்கை எண்ணெய். அது எவ்வளவு ஊறும் என்பதைப் பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. பெண்கள் உடம்பிலும் இவை உண்டு. பருவ வயதில் முகப்பருவும் தலைப் பிசுக்கும் சேர்ந்தே தலைகாட்டுவதற்கு இதுதான் காரணம்.

ஊறிய எண்ணெய், விளக்குத் திரியில் ஏறுவதுபோல முடியில் பரவுகிறது. மெல்லிய, நேரான முடியில் சரசரவென்று ஏறிவிடும்; சுருட்டை முடியில் வளைவுக்கு வளைவு தாமதமாகும். ஒரே வீட்டில் அக்காவுக்கு இரண்டாம் நாளே தலை பிசுபிசுக்க, தங்கைக்கு நான்கு நாள் தாங்குவதும் உண்டு. சென்னை மாதிரி ஊர்களில் வியர்வையும் சேர்ந்துகொண்டு இருக்கிற எண்ணெயை இன்னும் பரப்பிவிடும்.

தலைத்தோல் வேறு, முடி வேறு என்பதை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு உயிர் உண்டு. எண்ணெய் ஊறுவது அங்கே. வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிரில்லை, அது வெறும் புரத இழை. மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அப்படியென்றால் 60 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது 5. ஐந்து கோடை வெயிலையும் கணக்கில்லாத சீப்பு இழுவையையும் பார்த்த நுனி அது. மேலே பிசுக்கும் கீழே வறட்சியும் ஒரே தலையில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் சிக்கல் வருகிறது.

“அடிக்கடி ஷாம்பு போட்டால் சுரப்பி அதற்கு ஈடுகட்ட இன்னும் அதிகமாகச் சுரக்கும்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. சுரப்பிக்குக் கட்டளை உள்ளேயிருந்து, ஹார்மோனிடமிருந்து வருகிறது. எனவே வாரத்துக்கு எத்தனை குளியல் என்பதை நாள்கிழமை பார்த்து முடிவு செய்யாமல் தலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குளித்த மறுநாள் காலையில் ஒரு டிஷ்யூ பேப்பரை வகிட்டின் மேலும் காதுக்குப் பின்னாலும் லேசாக அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் எண்ணெய்ப் பொட்டு இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்கலாம். தினமும் வியர்த்துக் கொட்டும் வேலை என்றால் மென்மையான ஷாம்புவில் தினமுமே குளிக்கலாம்.

குளிக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஷாம்புவை அப்படியே உச்சந்தலையில் ஊற்றித் தேய்த்தால், அது படுகிற இடத்தில் அதிகமாகவும் பிடரியில் ஒன்றுமே இல்லாமலும் போகும். முதலில் தலையை நன்றாக நனையுங்கள். மக்கில் கொஞ்சம் தண்ணீரில் ஷாம்புவைக் கரைத்து வகிடு வகிடாக ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியால் தோலைத் தேயுங்கள். காதோரம், பிடரி, நெற்றி மேட்டை விட்டுவிடாதீர்கள். நீளமுடியைக் கசக்க வேண்டாம். அலசும்போது வழிகிற நுரையே அதற்குப் போதும். கண்டிஷனர் காது மட்டத்துக்குக் கீழே மட்டும். வேரில் பட்டால் அரை நாளில் முடி படிந்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் தலைக்குச் சோப்பு வேண்டவே வேண்டாம். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து ஒரு படலமாக முடியில் ஒட்டும். அதையும் எண்ணெய்ப் பிசுக்கு என்றே நினைத்துக்கொள்வோம்.

“அப்போது எண்ணெயே வைக்கக் கூடாதா?” என்று பாட்டிகள் கோபிப்பார்கள். கோபிக்கத் தேவையில்லை, எண்ணெய்க் குளியல் நல்ல ஏற்பாடுதான். எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, அன்றைக்கே சீயக்காயோ அரப்போ போட்டு அதை எடுத்துவிடுவார்கள். சீயக்காயிலுள்ள சப்போனின் நுரைத்து எண்ணெயைக் கழற்றிவிடும். வடிகஞ்சியில் கரைத்த பொடியை மெல்லிய துணியில் வடிகட்டித் தேய்த்தால் திப்பி தலையில் தங்காது. நாளாவட்டத்தில் எடுக்கும் பாதி மறந்துபோய், தினமும் எண்ணெய் வைத்துப் படியச் சீவுவது மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது. பிசுக்குத் தலைக்கு ஆகாதது அதுதான். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. ஆக, எண்ணெய் தேவைப்படுவது அந்த ஐந்து வயது நுனிக்கு. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நீளமுடியில் தடவி, பிறகு அலசிவிடுங்கள்.

பொடுகு இருந்தால் கணக்கு மாறும். மலசீசியா என்கிற ஈஸ்ட் எல்லார் தலையிலும் வாழ்கிறது. சீபத்தைத் தின்று அது விட்டுவைக்கும் ஒலியிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்தி, அரிப்பையும் செதிலையும் கொண்டுவருகிறது. “தலை காய்ந்துபோய்ப் பொடுகு வந்துவிட்டது, எண்ணெய் வை” என்று அதன்மேல் எண்ணெயைத் தேய்த்தால் செதில் இன்னும் அப்பிக்கொள்ளும், ஈஸ்டுக்கும் தீனி கிடைக்கும். கீட்டோகொனசோல் 2% ஷாம்புவை வாரத்துக்கு 2 முறை, 3 முதல் 5 நிமிடம் தலைத்தோலில் ஊறவிட்டு அலச வேண்டும். போட்ட உடனே அலசிவிட்டு “பலனே இல்லை” என்பவர்கள்தான் அதிகம்.

குளித்த பிறகு ஈரத்தோடு பின்னிப் பூ வைத்துக்கொண்டு ஓடாதீர்கள், சிக்கு வாடை அங்கேதான் தொடங்குகிறது. வாரம் ஒருமுறை சீப்பைக் கழுவுங்கள், தலையணை உறையைத் துவையுங்கள். அவசரத்துக்கு டிரை ஷாம்பு தெளிப்பதில் தப்பில்லை. அது எண்ணெயை உறிஞ்சி மறைக்கும், தலையைச் சுத்தம் செய்யாது.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்கவில்லை, புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சள் செதில் தெரிகிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்குப் பிசுக்கோடு மாதவிலக்கும் தவறி, தாடையில் முடியும் முளைத்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.