மலைநாட்டு வியாபாரிக்கு ஸ்கிராம்ப்ளர் கட்டுப்படியாகுமா?

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் போடப்பட்ட தடை 2025 பெப்ரவரியில் தளர்த்தப்பட்டதிலிருந்து, எமது கடைக்கு வரும் இளம் வியாபாரிகளின் பேச்சு மாறிவிட்டது. சீனி விலை, பருப்பு விலை, டொலர் விலை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஸ்கிராம்ப்ளர் மோட்டார் சைக்கிள் பற்றியும் கேட்கிறார்கள். பழைய காலத்துத் தோற்றம், வட்டமான முன்விளக்கு, அகன்று உயர்ந்த ஹேண்டில், பெரிய கட்டங்கள் வெட்டிய டயர், 400 சீ.சீ. அளவில் இயந்திரம். "மாமா, நம்ம ரோட்டுக்கு இதுதான் சரி. கடை வேலைக்கும் ஆகும். லோன் போட்டு எடுக்கவா?" என்று ஒரு தம்பி கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து வர்த்தகர்கள் பலருடைய மனதிலும் இருக்கிறது.

முதலில் இந்த வாகனத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1924இல் இங்கிலாந்தின் கெம்பர்லி என்ற இடத்தில், மேடு பள்ளங்களில் விழுந்தடித்து ஓடும் ஒரு மோட்டார் சைக்கிள் போட்டி நடந்தது. அதற்கு வைத்த பெயரில்தான் 'ஸ்கிராம்பிள்' என்ற சொல் வந்தது. அக்காலத்தில் இதற்கென்று தனி வாகனம் கிடையாது. சாதாரண சைக்கிளில் தேவையற்ற பாகங்களைக் கழற்றி, சைலன்சரை உயர்த்தி, டயரை மாற்றி ஓட்டினார்கள். 1962இல் ஹொண்டா கம்பனி சீஎல் 72 என்ற 250 சீ.சீ. ஸ்கிராம்ப்ளரை வெளியிட்டபோது, அதன் உறுதியைக் காட்ட இரண்டு பேர் மெக்சிகோவின் பாஹா பாலைவன வழியில் தீஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை சுமார் 40 மணித்தியாலங்களில் ஓட்டிச் சென்றார்கள். இத்தாலியின் டுகாட்டியும் அதே காலத்தில் ஒரு ஸ்கிராம்ப்ளரைச் செய்தது. பிறகு வந்த மெலிந்த ட்ரெயில் சைக்கிள்கள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. இன்று கடைக்கு வருவது அந்தப் பழைய உருவத்துக்குப் புதிய இயந்திரம் பூட்டியது. ட்ரயம்ப் 400 எக்ஸ் 2023இல் வந்தது. இந்தியாவில் பஜாஜ் செய்கிறது. சென்னையின் ரோயல் என்ஃபீல்ட் 2022இல் ஸ்க்ராம் 411ஐயும் 2025இல் ஸ்க்ராம் 440ஐயும் வெளியிட்டது.

எமது மலைநாட்டுக்கு இந்த வகை வாகனம் புதியதல்ல. நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் ஆரம்பமானது. தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் காரும் மோட்டார் சைக்கிளும் நேரத்துக்கு எதிராக ஓடும் போட்டி அது. தோட்டங்களில் சின்னத்துரைமார் மலைக்கு மலை சுற்றிப் பார்க்க மோட்டார் சைக்கிளைத்தான் பாவித்தார்கள். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போன பின்பும் அந்தப் பழக்கம் மாறவில்லை. கொழுந்து மடுவத்துக்கும், மேல் பிரிவுக்கும், ஃபெக்டரிக்கும் ஒரே நாளில் போய்வர ஜீப்பை விட அது சுலபம்.

1990களிலும் அதற்குப் பின்னரும் ஜப்பானிலிருந்து பாவித்த ட்ரெயில் சைக்கிள்கள் இங்கு வந்தன. யமஹா செரோ 225, டீடபிள்யூ 200, ஹொண்டா எக்ஸ்எல்ஆர், எஃப்டிஆர் 223, சுசுக்கி ஜெபல் என்று வாசகர்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான். ஏன் எல்லாமே 200இலிருந்து 250 சீ.சீ.க்குள் இருந்தன தெரியுமா? ஜப்பானில் 250 சீ.சீ. வரையான மோட்டார் சைக்கிளுக்கு, பெரிய வாகனங்களுக்குப் போல் காலத்துக்குக் காலம் செய்யும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. அந்தச் செலவு இல்லாததால் அங்கே அந்த அளவுக்குப் பெரிய கிராக்கி. அங்கே கூடுதலாக ஓடியதுதான் இங்கே பாவித்த பொருளாக வந்து சேர்ந்தது. செரோ என்பது ஜப்பானின் மலைகளில் பாறைக்குப் பாறை தாவும் ஓர் ஆட்டு இனத்தின் பெயர். பெயருக்கேற்ற வாகனம்தான்.

நான் ஹட்டனிலிருந்து தோட்டக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவன். சரக்கு லொறியில் போகும்; நிலுவை வசூலிக்க நான் போவேன். 2012இல் வாங்கிய செரோ ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. கடந்த வருடம் என் மருமகன் கொழும்பிலிருந்து 400 சீ.சீ. ஸ்கிராம்ப்ளர் ஒன்றை ஓட்டி வந்தபோது, அதை ஒரு வாரம் என் வேலைக்கே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டையும் அறிந்தே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். பிரதான வீதியில் ஸ்கிராம்ப்ளருக்கு ஈடில்லை. கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை தாண்டி நானுஓயாவுக்கு ஏறும்போது எனது செரோ இரண்டாவது கியருக்கு இறங்கி முனகும். இதுவோ மூன்றாவது கியரிலேயே பேசாமல் இழுக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்த இயந்திரமும் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். 40 குதிரைவலு உள்ளது இழந்தாலும் 30க்கு மேல் மிஞ்சும். 20 உள்ளது 16க்கு வந்துவிடும். தவிர, பழைய காபரேட்டர் வண்டி மேலே போனால் பெற்றோல் கூடி இருமும். காலையில் சோக் இழுத்து ஐந்து நிமிடம் சூடாக்க வேண்டும். புதியவற்றில் எரிபொருளைத் தானே அளந்து கொடுக்கும் முறை இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. நல்ல பிரேக், ஏபிஎஸ், பனி மூட்டத்தில் தெளிவான வெளிச்சம் இவையெல்லாம் ஐம்பது வயது தாண்டியவனுக்குப் பெரிய ஆறுதல்.

பிரதான வீதியை விட்டுத் தோட்ட வீதிக்குள் திரும்பியதும் கதை மாறுகிறது. அங்கே கேள்வி குதிரைவலு அல்ல, பாரம். செரோவின் எடை எண்ணெய் இல்லாமல் 110 கிலோவுக்கும் குறைவு. ட்ரயம்ப் 400 எக்ஸ் எண்ணெயோடு 179 கிலோ, ஸ்க்ராம் 411 சுமார் 185 கிலோ. கல் பதித்த தோட்ட வீதியில், மழை விட்ட பின்னேரம், சேறு பூசிய வளைவில் சைக்கிள் சரிவது புதினமல்ல. செரோ சரிந்தால் தனியே நிமிர்த்திவிடுவேன். ஸ்கிராம்ப்ளர் சரிந்தபோது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் இறங்கி வந்து கைகொடுத்தார்கள். "நானா, இது மாடு மாதிரி இருக்கு" என்று ஒரு அம்மா சொல்லிச் சிரித்தார்.

பாரம் எவ்வளவு பெரிய விடயம் என்பது 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது எல்லோருக்கும் விளங்கியது. மலைநாடெங்கும் மண்சரிவு. வீதிகள் துண்டிக்கப்பட்டன. ரயில் பாதையும் சேதமடைந்தது. லொறி போக வழியில்லாத தோட்டங்களில் குழந்தைகளுக்குப் பால்மாவும், முதியவர்களுக்கு மருந்தும் தேவைப்பட்டன. நாங்கள் மூன்று பழைய ட்ரெயில் சைக்கிள்களில் மூட்டைகளைக் கட்டி அனுப்பினோம். மண் விழுந்த இடங்களில் மூட்டையை இறக்கி, நான்கு பேர் சைக்கிளைத் தூக்கிக் கடத்தி, மறுபக்கத்தில் மீண்டும் ஏற்றினார்கள். 180 கிலோ வண்டியை அந்தச் சேற்றில் அப்படித் தூக்க முடியாது. அந்த நாட்களில் எந்தக் கடையும் தன் கொப்பிக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அடுத்த சம்பள நாளில் பழைய நிலுவையை முதலில் தந்தவர்கள் அந்தத் தோட்டத்துக் கடைக்காரர்கள்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது, "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பதுதான். 2022இல் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், கிவ்ஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த காலத்தை நாம் மறக்கவில்லை; ஆகையால் அந்தக் கேள்வி நியாயமானது. செரோ எனக்கு லீற்றருக்கு 35 கிலோமீற்றர் தருகிறது, ஸ்கிராம்ப்ளர் 28 தந்தது. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் சுமார் 7 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 2,100 ரூபாதான். அதற்காக ஒரு வாகனத்தை ஒதுக்கத் தேவையில்லை.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு 10 லட்சம் ரூபாவை எடுத்துக்கொள்வோம். அந்தப் பணம் கடையில் சரக்காக இருந்து மாதம் ஒரு தடவை புரண்டு, நூற்றுக்கு 4 ரூபா மட்டும் மிஞ்சினாலும் மாதம் 40,000, வருடத்துக்கு 480,000 ரூபா. அதே பணம் சைக்கிளாக முற்றத்தில் நின்றால் இந்த வருமானம் நின்றுவிடும். எனவே ஸ்கிராம்ப்ளர் எடுக்கும் வியாபாரி பெற்றோல் கணக்கைப் பார்க்காமல், இந்த 40,000ஐ அது உழைத்துத் தருமா என்று பார்க்க வேண்டும். கூடுதலாகச் சில கடைகளைச் சுற்றி, இரண்டு கிழமை முன்னதாக நிலுவையை எடுக்க முடியுமென்றால் தரும். நகரத்துக்குள் வங்கிக்கும் பள்ளிக்கும் போய்வருவதற்கென்றால் தராது. லோன் போட்டால் இதற்கு மேல் தவணையும் சேரும்.

"விற்றால் விலை வருமே" என்பது அடுத்த வாதம். இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் பாவித்த வாகனங்களின் விலை ஏறியது உண்மை. எனது செரோவை 2022இல் வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்குக்குக் கேட்டார்கள். ஆனால் அவ்வருடத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. வாங்கிய காலத்தில் அந்தப் பணத்துக்கு வந்த சீனி மூட்டைகள், விற்கும் விலைக்கு வரவில்லை. வியாபாரி தனது சொத்தை ரூபாவில் எண்ணாமல் சரக்கில் எண்ணிப் பார்க்க வேண்டும். இறக்குமதி திறந்த பிறகு அந்த விலையும் நிலையானதல்ல.

வாங்க முடிவு செய்தவர்கள் சில விடயங்களைக் கவனிக்கவும்.

பழைய ஜப்பான் வண்டி என்றால் முதலில் செஸி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உறுதிப்படுத்துங்கள். வெவ்வேறு வண்டிகளின் பாகங்களைப் பொருத்தி ஒரு வண்டியின் இலக்கத்தில் ஓடுபவை சந்தையில் உண்டு. பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. எமது ஊர் பாஸ்மாரும் இந்த இயந்திரங்களைக் கண்மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள்.

புதிய ஸ்கிராம்ப்ளரில் சேர்விஸ் இடைவெளி நீண்டது. ட்ரயம்ப் 400க்கு 16,000 கிலோமீற்றர் என்கிறார்கள். ஆனால் கணினிக் கோளாறு என்றால் முகவரின் பட்டறைக்கே போக வேண்டும். அந்தப் பட்டறை எங்கே, பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சீ.சீ. வரைதான், இதற்கு ஏ வகுப்பு வேண்டும். பொருத்தமான வகுப்பு இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் கிடைப்பது சந்தேகம்.

சைலன்சர் உயர்ந்த வண்டியில் அந்தப் பக்கம் பை தொங்கவிட முடியாது. பின்னால் அமரும் மனைவி, பிள்ளைகளின் உடையும் காலும் அதில் படக் கூடாது. கட்டம் வெட்டிய டயர் சேற்றில் பிடிக்கும், நனைந்த தாரில் வழுக்கும்.

இறக்கத்தில் கியரைக் குறைத்தே வாருங்கள். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20இல் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த இறக்கம் எந்த வாகனத்துக்கும் சலுகை காட்டாது. சில்லு எத்தனை என்றாலும் பிரேக்கை மட்டும் நம்பி அதில் இறங்கக் கூடாது.

கேள்வி கேட்ட தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: சரக்குப் பணத்தில் கைவைக்காதே. வேலைக்கு ஒரு இலகுவான ட்ரெயில் சைக்கிளை எடு. இரண்டு வருட இலாபத்தில் மிச்சம் பிடித்து, அப்போதும் ஆசை இருந்தால் ஸ்கிராம்ப்ளரை முழுக்காசுக்கு வாங்கு. வாங்குவதற்கு முன் யாருடையதையாவது கேட்டு, நீ வழக்கமாகப் போகும் தோட்ட வீதியிலேயே மழைநாளில் ஒரு தடவை ஓட்டிப் பார். அதைத் தரையில் சாய்த்து, தனியே நிமிர்த்த முடிகிறதா என்றும் பார். அவர் யோசித்துவிட்டு, "அப்போ மாமா, உங்க செரோவை எனக்கு விற்பீங்களா?" என்று கேட்டார். அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவருக்கு நல்லதாக ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் புத்தகம் சரியாக உள்ள வண்டி யாரிடமாவது இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள்.