துத்தநாகப் பெட்டியில் வந்த பியானோ (ஆல்பர்ட் சுவைட்சர் - 2)

1905 அக்டோபர் 13. பாரிஸ் தபால் பெட்டி ஒன்றில் சில கடிதங்களைப் போட்டார் சுவைட்சர். மருத்துவம் படிக்கப் போகிறேன், பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போவேன் என்று பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் எழுதியவை.

அப்போது அவருக்கு வயது 30. தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் ஆசிரியர், இசையமைப்பாளர் பாக்கின் இசையைப் பற்றிய அவரது புத்தகம் வெளிவந்த ஆண்டும் அதுதான். உறவும் நட்பும் கொதித்தெழுந்தன. மகனைப் போல் நேசித்த ஆர்கன் குரு விதோர், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடும் தளபதியா நீ என்று கடிந்துகொண்டார்.

அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய மிஷன் சங்கமும் உடனே வரவேற்கவில்லை. அவருடைய இறையியல் கருத்துகள் அவர்களை அச்சுறுத்தின. பிரசங்கமே செய்ய மாட்டேன், வைத்தியம் மட்டும் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே சம்மதித்தார்கள்.

சுவைட்சர் இசையைத் துறந்துவிட்டுப் போனார் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருத்துவத் தேர்வுக் கட்டணத்தையே அவர் 1911-இல் மியூனிக் இசைவிழாவில் ஆர்கன் வாசித்துக் கிடைத்த பணத்தில்தான் கட்டினார். இசை அவரை வழியனுப்பிவிட்டு நின்றுவிடவில்லை, கூடவே போனது.

1913 ஏப்ரலில், செவிலியர் பயிற்சி பெற்ற மனைவி ஹெலனுடன் காபோன் நாட்டின் லாம்பரேனேக்கு வந்து சேர்ந்தார். மருத்துவமனைக் கட்டடம் இல்லை. ஆனால் நோயாளிகள் காத்திருந்தார்கள். பழைய கோழிக்கொட்டகை ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, சுவரில் பலகைத் தட்டுகள் அறைந்து, ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார். கூரை ஓட்டை வழியே வெயில் இறங்கியதால் நாள் முழுக்கத் தொப்பியைக் கழற்றாமல் வைத்தியம் பார்த்தார். மொழிபெயர்ப்பாளராக வாய்த்த ஜோசப், முன்பு சமையல்காரர். நோயாளியின் உடலையும் இறைச்சிக்கடைக் கணக்கில்தான் சொல்வார்: இவருக்கு வலது தொடைக்கறியில் வலி, அந்த அம்மாவுக்கு இடது விலாக்கறியில் வலி! முதல் ஒன்பது மாதங்களில் ஏறக்குறைய 2,000 பேர் வந்தார்கள்.

பாரிஸ் பாக் சங்கம் அன்பளித்த பியானோவும் வந்தது. வெப்பமண்டலத்துக்கென்றே செய்தது, ஆர்கனைப் போலக் கால்கட்டைகளும் உண்டு, ஈரம் புகாத துத்தநாகப் பெட்டிக்குள் இருந்தது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ராட்சத ஓடத்தில் ஓகோவே நதி வழியே கரைசேர்த்தார்கள். விரல்கள் துருப்பிடித்துப் போனால் இசையைப் பிரிவது எளிதாகும் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். ஒரு மாலை, பாக்கின் ஃபியூக் வகைப் படைப்பு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது மனம் மாறியது. கிடைக்கிற ஓய்வில் ஒவ்வொரு உருப்படியாக எடுத்து, மாதக்கணக்கானாலும் சரி, நுணுக்கம் பிசகாமல் மனப்பாடம் செய்வது என்று முடிவெடுத்தார். சில நாள் அரைமணிதான் கிடைக்கும். கச்சேரி அவசரமில்லாத அந்த அரைமணிகள்தான் அவர் வாசிப்பை முதிரவைத்தன என்பது என் கணிப்பு.

ஆப்பிரிக்கர்களிடம் அவர் காட்டிய மூத்த அண்ணன் தோரணை பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த விமர்சனம் நியாயமானது. அதை விரிவாகவே பார்க்க வேண்டும், பின்னர் வருகிறேன்.

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. சுவைட்சர் பிறந்த அல்சாஸ் அன்று ஜெர்மனியின் வசம். காபோன் பிரான்சின் காலனி. டாக்டரும் மனைவியும் எதிரிநாட்டுக் குடிமக்களாகி, சொந்த வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார்கள்.

(தொடரும்)